எங்கே தாவுகிறதோ அங்கே கேளுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த இரண்டு வரைபடங்களும் வந்து சேர்ந்தன. இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் மாணவர்கள் பலர் இருப்பார்கள். அதனால் உங்கள் பெயரையும் கல்லூரியையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மெல்லிய எஃகுத் தகட்டை வில்போல் வளைத்து, இரண்டு முனைகளையும் இறுக்கி, உச்சியில் பளு ஏற்றுகிறீர்கள். பளு கூடக்கூட உச்சி மெல்ல இறங்குகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் தகடு ‘டக்’கென்று மறுபக்கம் புரண்டுவிடுகிறது. ஸ்னாப்-த்ரூ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பளு எவ்வளவு, வளைவின் உயரம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கொடுத்தால், உச்சி எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று சிமுலேஷன் சொல்லிவிடும். ஆனால் ஒரு ரன் முடிய அரை நாள் ஆகிறது. எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு 64 ரன் ஓட்டிவிட்டீர்கள். இன்னும் 40 ரன்னுக்குத்தான் அவகாசம் இருக்கிறது.

அந்த 64 விடைகளை வைத்து ஒரு காஸியன் புராசஸ் மாதிரியைப் பொருத்தினீர்கள். பிறகு ஆக்டிவ் லேர்னிங் பற்றிப் படித்து, “உனக்கு எங்கே நிச்சயம் குறைவாக இருக்கிறது, அங்கே அடுத்த ரன்னை ஓட்டுகிறேன்” என்று மாதிரியிடமே கேட்டீர்கள். அது கட்டத்தின் மூலைகளையும் புள்ளிகளுக்கு நடுவே இருந்த காலி இடங்களையும் காட்டியது. தகடு புரளும் எல்லையின் பக்கம் அது தனியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கைடோ, “இதெல்லாம் வேண்டாம், கட்டத்தை இன்னும் நெருக்கமாகப் போடு, ஒரே இடத்தில் புள்ளிகளைக் குவித்தால் தரவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்” என்கிறார். நிரல் தப்பா, முறை தப்பா, கைடு சொல்வதுதான் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிரல் சரி. முறை, நீங்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. சிக்கல் அதற்கும் முன்னால், மாதிரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நாம் நம்பியதில் இருக்கிறது. இதை விளக்க ஒரு பழைய சோதனைக்குப் போகலாம்.

1911-ம் ஆண்டு, நெதர்லாந்தின் லைடன் நகரம். ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கிய ஹைக்கே காமர்லிங் ஓனஸின் ஆய்வுக்கூடம். கண்ணாடி நுண்குழாய்களில் அடைத்து உறையவைத்த பாதரசத்தின் மின்தடையை, வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போய் அளக்கிறார்கள். வெப்பநிலை இறங்க இறங்க மின்தடையும் மெல்லத் தேய்ந்து பூஜ்யத்தை எட்டும் என்பதுதான் ஓனஸின் எதிர்பார்ப்பு. ஏப்ரல் 8-ம் தேதி 3 கெல்வின் வரை இறக்கிப் பார்த்தபோது பாதரசத்தின் தடை கிட்டத்தட்ட இல்லை என்றே நோட்டுப்புத்தகத்தில் குறித்தார்கள். எதிர்பார்த்தது நடந்துவிட்டது போலத்தான் அப்போது தோன்றியிருக்கும். மேலே ஓரளவு தடை, கீழே ஏறக்குறைய பூஜ்யம். இடையில் வழவழப்பான ஒரு கோட்டை யாரும் இழுத்துவிடலாம். புள்ளிகள் அந்தக் கோட்டை மறுக்கவே மறுக்காது.

மே மாதம் திரும்ப அளந்தார்கள். இந்த முறை குளிர்ந்த நிலையிலிருந்து மெல்ல மெல்லச் சூடேற்றிக்கொண்டே பார்த்தார்கள். 4.00 கெல்வினில் தடை இல்லை. 4.05-லும் இல்லை. 4.12-ல் தலைகாட்டத் தொடங்கியது. அக்டோபரில் இன்னும் கவனமாக அளந்து வரைந்த படம்தான் இன்று இயற்பியல் நூல்களில் எல்லாம் இருப்பது. ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்த தடை, சில நூறில் ஒரு பங்கு கெல்வினுக்குள், ஓமில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடுகிறது. மீகடத்தல் என்று நாம் படிப்பது இதைத்தான்.

அந்தப் படத்தின் புள்ளிகளைப் பாருங்கள். 4.2 கெல்வினை ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்கும். சமதூரத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தத் தாவல் ஒரு சரிவாகத்தான் தெரிந்திருக்கும். முந்தைய விடைகளைப் பார்த்து அடுத்த அளவீட்டை எங்கே எடுப்பது என்று முடிவு செய்தார்களே, ஆக்டிவ் லேர்னிங் என்ற துறையின் சாரம் அதுதான். இன்று அந்த முடிவை எடுக்கும் வேலையை ஒரு புள்ளியியல் மாதிரியிடம் ஒப்படைக்கப் பார்க்கிறோம். ஒப்படைக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி.

இப்போது காஸியன் புராசஸுக்கு வருகிறேன். இதன் வேர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இருக்கிறது. டேனி க்ரீக என்ற சுரங்கப் பொறியாளர், சில இடங்களில் எடுத்த பாறை மாதிரிகளை வைத்து மற்ற இடங்களில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்கும் முறையை 1951-ல் எழுதினார். பிரான்ஸின் ஜார்ஜ் மாத்தெரோன் அதற்குக் கணித உருவம் கொடுத்து, க்ரீகவின் பெயரையே வைத்து ‘கிரிகிங்’ என்றார். 1989-ல் ஜெரோம் சாக்ஸும் கூட்டாளிகளும் கம்ப்யூட்டர் சிமுலேஷன்களுக்கு இதையே பயன்படுத்தும் வழியை விரிவாக எழுதியபின், பொறியியல் துறைக்குள் இது நன்றாக வேரூன்றிவிட்டது.

இதன் அடிப்படை எளிது: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் விடைகள் ஒத்திருக்கும், தூரம் கூடக்கூட ஒப்புமை குறையும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறையும் என்பதை ‘லெங்க்த் ஸ்கேல்’ என்ற ஓர் எண் தீர்மானிக்கிறது. ஓர் இடத்தில் மாதிரி இரண்டு விஷயங்கள் சொல்லும்: விடை இவ்வளவு இருக்கும் என்ற கணிப்பு ஒன்று, அதில் எனக்கு எவ்வளவு நிச்சயமின்மை என்ற பரவற்படி மற்றொன்று. இந்த இரண்டாவது எண்தான் இந்த முறைக்கு இவ்வளவு புகழ் தந்தது. உங்களைத் திசைதிருப்பியதும் அதுதான்.

காரணம் இது. லெங்க்த் ஸ்கேல் முதலான எண்களை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், அந்தப் பரவற்படியைக் கணக்கிடும் சூத்திரத்தில் நீங்கள் அளந்த விடைகள் வரவே வராது. எங்கெங்கே அளந்தீர்கள் என்ற இடங்கள் மட்டும்தான் வரும். சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் இறங்கியதா, நாற்பது மில்லிமீட்டர் இறங்கியதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அக்கம்பக்கத்தில் அளந்த புள்ளி இருந்தால் “எனக்குத் தெரியும்” என்கிறது. இல்லையென்றால் “தெரியாது” என்கிறது. அப்படியானால் அது மூலைகளையும் காலி இடங்களையும் காட்டுவதில் வியப்பு என்ன? அந்த எண்கள் மாறாத வரை, உங்கள் தகடு எந்தப் பளுவில் புரண்டாலும், புரளாமலே இருந்தாலும், அதே இடங்களைத்தான் காட்டியிருக்கும்.

விடைகள் உள்ளே நுழைவதற்கு முக்கிய வாசல் லெங்க்த் ஸ்கேல். அதுவும் தாவல் இருக்கும் இடத்தில் கெடுதலாகவே முடிகிறது. அவ்வளவு சின்ன தூரத்தில் விடை இவ்வளவு மாற வேண்டுமென்றால், ஒப்புமை சீக்கிரமே அற்றுப்போகிறது என்று மாதிரி முடிவு கட்டி அந்த எண்ணைச் சுருக்கிவிடும். ஆனால் அந்த எண் முழுப் பரப்புக்கும் ஒன்றேதான். எனவே தாவலுக்கு வெகுதூரத்தில், விடைகள் மிக ஒழுங்காக மாறும் இடங்களிலும் மாதிரி தன்னம்பிக்கை இழக்கிறது. அங்கெல்லாம் புள்ளி கேட்கிறது. உங்கள் இரண்டாவது படத்தில் எல்லையின் இருபுறமும் தெரியும் மேடு பள்ளங்களும் இதே கோளாறுதான். வழவழப்பாக மட்டுமே வளையத் தெரிந்த ஒரு பரப்பைச் செங்குத்தாக ஏறச் சொன்னால், ஏறும் முன் கீழே குழிந்து, ஏறிய பின் மேலே துள்ளும். அந்தக் குழியில் உச்சி இறங்குவதற்குப் பதில் மேலே எழும்புவதாகக்கூட உங்கள் படம் காட்டுகிறது. மேலிருந்து பளு ஏற்றினால் தகடு மேலே எழும்பாது என்று உங்களுக்குத் தெரியும், மாதிரிக்குத் தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. நிச்சயமின்மை அதிகமுள்ள இடத்தில் அடுத்த தரவை எடு என்ற வழியை 1992-ல் தெளிவாக எழுதிய டேவிட் மெக்கே, இந்தக் கணக்கெல்லாம் மாதிரி சரி என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது என்று அதே கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். டேவிட் கோன் 1996-ல் ஸூபின் கஹ்ரமானி, மைக்கேல் ஜோர்டான் இருவரோடும் சேர்ந்து பரவற்படியைக் குறைக்கும் வழியை எழுதினார். பிறகு அவரே, பரவற்படியைக் குறைத்தால் போதாது, மாதிரி ஒருபக்கமாகத் தவறும் சாய்வையும் குறைக்கும்படி கேள்விகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதினார். தெரியாத இடம் வேறு, தப்பாகத் தெரிந்துவைத்திருக்கும் இடம் வேறு. தாவல் உள்ள சார்புகளில் இரண்டாவதுதான் முதன்மையான பகை. என் கருத்தில், இந்த விஷயத்தில் மனதில் இருத்த வேண்டிய ஒரே செய்தி அதுதான். மற்றதெல்லாம் அதன் விரிவு.

சரி, தாவல் இருந்தால் ஆக்டிவ் லேர்னிங்கை விட்டுவிட்டு கைடு சொல்கிறபடி கட்டத்தையே நெருக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். உண்மை நேர் எதிர். வழவழப்பான சார்புகளுக்குத்தான் இந்த முறையால் பெரிய லாபம் இல்லை. ரூய் காஸ்ட்ரோ, ரெபெக்கா வில்லெட், ராபர்ட் நோவாக் மூவரும் 2005-ல் இதைக் கணித ரீதியாகக் காட்டினார்கள். எங்கும் ஒரேபோல வழவழப்பாக இருக்கும் சார்பென்றால், முன்கூட்டியே பரப்பி வைத்த புள்ளிகளை விட, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புள்ளிகளால் பிழை குறையும் வேகம் கூடுவதில்லை. துண்டு துண்டாக மாறாமல் இருந்து, எல்லையில் மட்டும் தாவும் சார்பென்றால் கதை வேறு. உங்களைப் போல இரண்டு உள்ளீடுகள் இருக்கும்போது, பரப்பி வைத்தால் பிழையின் வர்க்கச் சராசரி புள்ளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும்; தேர்ந்தெடுத்துக் கேட்டால் எண்ணிக்கைக்கே ஏற்பக் குறையும். தோராயமாகச் சொன்னால், ஒன்று பத்தாயிரம் புள்ளிகளில் எட்டும் துல்லியத்தை இன்னொன்று நூறு புள்ளிகளின் அளவில் எட்டிவிடும். மாறிலிகளையும் சில்லறைக் காரணிகளையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆனாலும் போக்கு இதுதான். உள்ளீடுகள் மூன்று, நான்கு என்று கூடும்போது லாபம் சுருங்கும், மறைந்துவிடாது.

ஒரே உள்ளீடு என்றால் இதை விளக்கக் கணிதமே வேண்டாம். கிராமத்துக்குப் போகும் மின்பாதையில் எங்கோ பழுது என்றால், லைன்மேன் ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பார்ப்பதில்லை. நடுவில் உள்ள ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு சப்-ஸ்டேஷனிலிருந்து மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். மின்சாரம் நிலைத்தால் பழுது சுவிட்சுக்கு அந்தப் பக்கம். நிலைக்காமல் துண்டித்துக்கொண்டால் இந்தப் பக்கம். மிச்சமுள்ள பாதியில் திரும்ப நடுப்புள்ளி. பத்துக் கேள்வியில் தேடும் நீளம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதே பத்துக் கேள்வியை முன்கூட்டியே சமதூரத்தில் வைத்திருந்தால் பதினொன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்காது. விடையில் இரைச்சல் கலந்து சில சமயம் பொய்யும் வரும் என்றால் நடுப்புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப நிகழ்தகவைத் திருத்தி, அதன் இடைநிலையில் அடுத்த கேள்வியை வைக்கும் வழியை மைக்கேல் ஹார்ஸ்டீன் 1963-லேயே காட்டிவிட்டார். உங்கள் சிமுலேஷன் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத் தருவதால் அது இப்போது உங்களுக்குத் தேவைப்படாது.

ஆக, வேண்டியது தாவலை ஒப்புக்கொள்ளும் மாதிரி. இதில் இரண்டு முயற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ராபர்ட் கிராமசியும் ஹெர்பர்ட் லீயும் 2008-ல் வெளியிட்ட மர வடிவக் காஸியன் புராசஸ். அவர்கள் எடுத்துக்கொண்டது, நாஸாவின் லாங்லி மையத்தில் வடிவமைக்கப்பட்ட ஒரு பூஸ்டரின் சிமுலேஷன். ராக்கெட்டை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுச் சறுக்கியபடி தரைக்குத் திரும்பும் வகை. வேகம், மூக்கு மேல்நோக்கி நிற்கும் கோணம், பக்கவாட்டில் சறுக்கும் கோணம் என்று மூன்று உள்ளீடுகள். ஏற்றுவிசை, இழுவிசை என்று ஆறு விடைகள். ஒவ்வொரு ரன்னும் மணிக்கணக்கில் ஓடும். மாக் 1-ஐத் தாண்டும்போது, அதாவது ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது, ஏற்றுவிசை திடீரென்று குணம் மாறுகிறது. வேகம் மிகுந்த பகுதியில் பரப்பு ஏறக்குறைய சமதளம். ஒரே லெங்க்த் ஸ்கேல் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? அவர்கள் உள்ளீட்டுப் பரப்பை மரக்கிளைபோல வெட்டிப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மாதிரி வைத்தார்கள். எங்கே வெட்டுவது என்பதையும் தரவே தீர்மானித்தது. இப்போது நிச்சயமின்மை எண்ணுக்கு உயிர் வந்துவிட்டது: கரடுமுரடான துண்டில் அதிகம், சமதளத்தில் குறைவு. முதலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரன்களைக் கட்டமாக ஓட்டிய அந்த வேலைக்கு, இந்த முறையில் தேர்ந்தெடுத்த எண்ணூறுக்கும் குறைவான ரன்களே போதுமானதாக இருந்தன. அவை எங்கே குவிந்தன என்று கேட்கவே வேண்டாம்: பெரும்பாலும் மாக் 1-ஐ ஒட்டி.

இந்த மரத்துக்கு ஒரு குறை உண்டு. அது அச்சுகளுக்கு இணையாகத்தான் வெட்டும். மாக் 1 நேர்கோடாக இருந்ததால் அங்கே பொருந்தியது. உங்கள் தகடு புரளும் எல்லை வளைந்து போகிறது; பளுவும் உயரமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. வளைந்த எல்லையை மரம் படிக்கட்டு படிக்கட்டாகத்தான் பின்பற்றும். அதற்கு நிறைய புள்ளி செலவாகும்.

எனவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது முயற்சியை: சிவூ பார்க் 2022-ல் வெளியிட்ட ஜம்ப் காஸியன் புராசஸ். முழு எல்லையையும் ஒரே சமயத்தில் கண்டுபிடிக்க இது முயல்வதில்லை. எந்த இடத்தில் விடை வேண்டுமோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சில புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்கு நடுவே ஓர் எல்லை ஓடுகிறதா என்று பார்த்து, அந்தச் சின்ன வட்டாரத்தில் அதை ஒரு நேர்கோடாகவோ லேசான வளைவாகவோ எடுத்துக்கொண்டு, நாம் நிற்கும் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கணிக்கிறது. எதிர்ப்பக்கத்து விடைகள் இந்தப் பக்கத்தைக் கெடுப்பதில்லை என்பதால் அந்த மேடு பள்ளங்கள் அடங்கிவிடும். பிறகு கிராமசி உள்ளிட்டோருடன் சேர்ந்து இதே மாதிரிக்கு ஆக்டிவ் லேர்னிங்கையும் பார்க் எழுதினார். அங்கே பரவற்படியோடு சாய்வும் கணக்கில் சேர்கிறது. எல்லைக்கு அருகே ஒரு புள்ளியைத் தவறான பக்கத்தில் சேர்த்துவிட்டால் எவ்வளவு பெரிய பிழை வரும் என்பதையும் மதிப்பிட்டு, இரண்டும் சேர்ந்து அதிகமாக இருக்கும் இடத்தில் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த பெஞ்சி மருயாமா, அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் கார்பன் நானோகுழாய்களைத் தானாகவே சோதனை செய்து வளர்க்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். வினையூக்கி உயிரோடு இருக்கும் வரை குழாய் வளரும். வெப்பமும் வாயுவும் ஓர் எல்லையைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். அடுத்த சோதனையை இயந்திரமே முடிவு செய்யும் கூடத்தில், அந்த எல்லையைக் காணத் தெரியாத மாதிரியை உட்காரவைத்தால் பொருளும் நேரமும் வீண்.

இனி உங்கள் 40 ரன்கள். கையோடு ஒரு கணக்குப் போடுவோம். கட்டத்தை நெருக்கினால் மொத்தம் 104 புள்ளிகள்; பத்துக்குப் பத்தாகப் போட்டாலே நூறு போய்விடும். பளு அச்சில் இடைவெளி ஏழில் ஒரு பங்காக இருந்தது ஒன்பதில் ஒரு பங்காகும். புரளும் பளு எது என்ற உங்கள் அறிவு அவ்வளவுதான் கூடும். பழைய 64-ல் பெரும்பாலானவை புதிய கட்டத்தோடு பொருந்தாது என்பது தனிக் கதை. மாறாக, வளைவு உயரத்தின் எட்டு மதிப்புகளிலும், எந்த இரண்டு பளுக்களுக்கு இடையே தகடு புரண்டது என்று பாருங்கள். அந்த இடைவெளியைப் பாதி பாதியாக மூன்று முறை வெட்டுங்கள். எட்டு மூன்று இருபத்துநான்கு ரன். இடைவெளி ஐம்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். பக்கத்து உயரங்களில் கிடைத்த விடையைப் பார்த்துக்கொண்டே வெட்டினால் இன்னும் குறைவான ரன்களிலேயே முடியும். எல்லை ஒழுங்காக வளைந்து போகும் கோடு என்பதால் பக்கத்து விடை நல்ல துப்புக் கொடுக்கும்.

மிச்சம் பதினாறு. அதில் எட்டை இன்றைக்கே, எந்தப் புதிய விடையையும் பார்ப்பதற்கு முன், முழுப் பரப்பிலும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துவிடுங்கள். அவை பயிற்சிக்கு அல்ல, பரீட்சைக்கு. கைடின் கவலைக்கு நியாயமான பதில் இங்கேதான் இருக்கிறது. சராசரி இறக்கம் எவ்வளவு என்பதுபோன்ற ஒரு மொத்தக் கணக்குக்காகத் தரவு எடுத்தால், ஒரே இடத்தில் குவிப்பது உண்மையாகவே கணக்கைக் கெடுக்கும். உங்கள் வேலை அதுவல்ல. உள்ளீட்டுக்கும் விடைக்கும் உள்ள உறவைக் கற்பது. அங்கே முந்தைய விடையைப் பார்த்து அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் மாதிரி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும்போது, தேடிப் பிடித்த அந்தப் புள்ளிகளிலேயே போடக்கூடாது. குலுக்கலில் எடுத்த புள்ளிகளில் போடுங்கள். கைடிடம் இதைப் பொறுமையாகச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் அஞ்சுவது இந்தக் கலப்படத்துக்குத்தான்.

கடைசி எட்டு ரன்னை, எல்லை எதுவும் இருப்பதாகத் தோன்றாத, புள்ளி அதிகம் விழாத இடங்களுக்குக் கொடுங்கள். தெரிந்த தாவலைச் சுற்றியே எல்லாக் காசையும் செலவழித்தால், தெரியாத இன்னொரு தாவல் கண்ணில் படாமலே போகும். சின்னத் தீவுபோல ஒரு பகுதி இரண்டு கட்டப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்தால், அங்கே ஒரு புள்ளியாவது விழுகிற வரை உலகின் எந்த மாதிரியும் அதைச் சொல்லாது. உங்கள் பழைய முறை, நிச்சயமின்மை அதிகமுள்ள காலி இடத்தைக் காட்டுகிற அந்த முறை, இந்த எட்டுக்கு மிகப் பொருத்தமானது. அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

தகட்டைப் பற்றிய மூன்று விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். இவை எந்தப் புள்ளியியல் நூலிலும் இருக்காது.

வளைவின் உயரம் மிகக் குறைவாக இருந்தால் தகடு புரளாது. மெல்ல மெல்லவே இறங்கிவிடும். அதாவது உங்கள் எல்லைக்கோடு வரைபடத்தின் ஓரம் வரை ஓடாமல், நடுவிலேயே ஓர் இடத்தில் முடிந்துபோகலாம். முடிகிற இடத்தை நெருங்க நெருங்கத் தாவலின் அளவும் சிறுத்துக்கொண்டே வரும். அங்கே இரண்டு பக்கம் என்று வலிந்து பிரிக்கும் மாதிரி இல்லாத தாவலைக் கற்பிக்கும். எட்டு உயரங்களில் மிகக் குறைந்த ஒன்றிரண்டில் தாவல் தெளிவாக இல்லையென்றால், அங்கே பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த ரன்களை எல்லை முடியும் இடத்தைச் சுற்றிப் பரப்புங்கள்.

அடுத்தது, பளுவை ஏற்றும்போது புரளும் இடமும் இறக்கும்போது திரும்பிப் புரளும் இடமும் ஒன்றல்ல. இடைப்பட்ட பகுதியில் ஒரே பளுவுக்கு இரண்டு விடைகள் உண்டு. உங்கள் 64 ரன்னும் பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த, முந்தைய ரன்னின் முடிவிலிருந்து அடுத்ததைத் தொடங்கியிருந்தால் இரண்டு வகை விடைகளும் கலந்திருக்கும். அந்தக் கலப்பை இங்கே சொன்ன எந்த மாதிரியாலும் பிரித்தெடுக்க முடியாது.

மூன்றாவது, பொய்த் தாவல். புரளும் பளுவுக்கு அருகே, சிமுலேஷனின் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் திணறும். சில சமயம் ஒருங்காமல் நின்றுவிடும், சில சமயம் பொருத்தமில்லாத விடையோடு ஒருங்கிவிடும். நாஸா பூஸ்டர் வேலையிலும் இதுபோன்ற தொல்லை இருந்தது: சில ரன்கள் ஒருங்காமல், தொடக்க நிலையை மாற்றித் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. தாவலைத் தேடும் முறைக்கு இது பெரிய ஆபத்து. ஏனென்றால் கெட்டுப்போன ஒரே ஒரு விடையும் அதற்குத் தாவலாகத்தான் தெரியும், அங்கேயே சுற்றிச் சுற்றி ரன்களைக் கொட்டும். ஒரு புள்ளி மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றால், பக்கத்தில் புதிய புள்ளி வைப்பதற்கு முன், பளுவின் படியைச் சிறிதாக்கி அதே புள்ளியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

இறுதி அறிக்கையில் பிழையை ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். எல்லையிலிருந்து விலகிய இடங்களில் கணிப்பு எத்தனை மில்லிமீட்டர் தவறுகிறது என்பது ஒன்று. புரளும் பளுவை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், எல்லையில் தவறிய ஒரே புள்ளி மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும். இந்தத் தகட்டைப் பயன்படுத்தப் போகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது எண்தான்: எவ்வளவு பளு வரை இது தாங்கும் என்பது.

முதலில் அந்த எட்டுப் பரீட்சைப் புள்ளிகளைக் குலுக்கி எழுதி வையுங்கள். அதன் பிறகு எட்டு உயரங்களிலும் முதல் வெட்டை மட்டும் ஓட்டி, விடைகளை எனக்கு அனுப்புங்கள். எல்லை எந்த உயரத்தில் முடிகிறது என்பதைச் சேர்ந்து பார்ப்போம். மிச்ச ரன்களை எங்கே வைப்பது என்பதை அதைப் பார்த்தபின் முடிவு செய்வதே நல்லது.